எத்தனை குதிரை வேண்டும்?

தரைக்குக் கீழே சம்ப்பு, மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு மீட்டர். பழைய மோட்டாரின் காயில் எரிந்துபோன அன்று வந்த பிளம்பர் அண்ணாந்து ஒருமுறை மாடியைப் பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய அளவீடு.

"கண்ணை மூடிட்டு ஒரு ஹெச்பி போட்ருங்க சார். அரை ஹெச்பி எல்லாம் மூணாவது மாடிக்கு ஏறாதுங்க."

"ஏறாதா, மெதுவா ஏறுமா தம்பி?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார்.

மோட்டார் வாங்கும் அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு பொருளை மேலே தூக்க எவ்வளவு திறன் வேண்டும் என்ற கேள்வியின் மொத்தச் சிக்கலும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவேதான் இருக்கிறது. 'ஏறாது' என்பது விசையைப் பற்றிய பேச்சு. 'மெதுவாக ஏறும்' என்பது திறனைப் பற்றிய பேச்சு.

எங்கள் தொட்டியையே கணக்குப் போடுவோம். புவி ஒவ்வொரு கிலோவையும் 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்கினால் 9.8 ஜூல் வேலை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ; உயரம் 12 மீட்டர். 1000 × 9.8 × 12 = 1,17,600 ஜூல். லட்சத்தைத் தாண்டுகிறதே என்று மலைக்க வேண்டாம். மின்வாரியம் ஒரு யூனிட் என்று பில் போடுவது 36 லட்சம் ஜூலை. ஆக, ஒரு தொட்டி நீரை மாடிக்கு ஏற்ற நியாயப்படி ஆக வேண்டியது ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில் நேரம் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் ஏற்றினாலும் பத்து நாளில் ஏற்றினாலும் புவியீர்ப்பு கேட்பது அதே 1,17,600 ஜூல்தான். தள்ளுபடி கிடையாது, வட்டியும் கிடையாது. நேரம் நுழைவது அடுத்த படியில். செய்த வேலையை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வருவது திறன், அதாவது வாட். எடை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கி நேரத்தால் வகுக்க வேண்டும்; சூத்திரம் அவ்வளவே. அதே தொட்டியை ஒரு மணி நேரத்தில் நிரப்பினால் போதும் என்றால் 33 வாட். பழைய டியூப் லைட் தின்பதைவிடக் குறைவு. இரண்டே நிமிடத்தில் நிரம்பியாக வேண்டும் என்று அடம்பிடித்தால் 980 வாட்.

ஆகவே 'நூறு கிலோவைத் தூக்க எத்தனை ஹெச்பி?' என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. 'எவ்வளவு நேரத்தில்?' என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

எங்கள் தெருவுக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் போடும் பையன் மோட்டாருக்கெல்லாம் காத்திருப்பதில்லை. கேனைத் தோளில் ஏற்றினால் நாற்பது விநாடியில் மேலே வந்து நிற்பான். கேனுக்கு 20 கிலோ. அவன் எடையை 60 கிலோ என்று வையுங்கள். 80 × 9.8 × 12 ÷ 40. சுமார் 235 வாட். மனிதன் நாள் முழுக்கத் தளராமல் தரக்கூடியது ஏறக்குறைய 75 வாட் என்பது பொறியாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் மதிப்பு. பையன் அதைப்போல மூன்று மடங்கை நாற்பது விநாடிக்குக் கடன் வாங்குகிறான். திரும்பிப் படியிறங்கும்போது மூச்சு வாங்கி அடைக்கிறான். இதில் இன்னொரு வேடிக்கை. செய்த வேலையில் முக்கால் பங்கு அவன் தன்னையே தூக்கிக்கொண்டதற்குப் போய்விட்டது. தண்ணீருக்குப் போனது கால் பங்கு.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் ஹெச்பி பிறந்ததும் தண்ணீர் தூக்கும் தொழிலில்தான். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆழம் போகப் போக ஊற்றெடுத்தது. அதை வெளியேற்ற டட்லி அருகே 1712இல் தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி எந்திரம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை மூச்சுவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் பத்து காலன் நீரை 153 அடி ஆழத்திலிருந்து ஏற்றியது. இன்றைய கணக்கில் அது ஐந்தரை ஹெச்பி. கட்டடம் அளவுக்கு ஓர் எந்திரம், கிடைத்தது ஐந்தரை!

பிறகு வந்த ஜேம்ஸ் வாட் எந்திரத்தைத் திருத்தியது எல்லோரும் அறிந்த கதை. அவரும் தொழில் கூட்டாளி போல்டனும் அதை எப்படிக் காசாக்கினார்கள் என்பது எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது. நியூகோமன் எந்திரம் வைத்திருந்த சுரங்கக்காரரிடம் பேரம் எளிது: 'எங்கள் எந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுங்கள்.' குதிரை கட்டி ஆலை ஓட்டுகிறவரிடம் இந்தப் பேரம் எடுபடாது. குதிரை நிலக்கரி தின்பதில்லை. 'உங்கள் எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?' என்று அவர் கேட்டால் ஓர் எண் சொல்லியாக வேண்டும்.

1780களின் தொடக்கத்தில் வாட் அந்த எண்ணைக் கணக்கிட்டார். பன்னிரண்டு அடி ஆரமுள்ள வட்டத்தில் ஆலையைச் சுற்றும் குதிரை, நிமிடத்துக்கு 2.4 சுற்று, இழுக்கும் விசை 180 பவுண்டு. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. முழு எண்ணாக இருக்கட்டும் என்று 33,000 ஆக்கினார். நம் அளவில் 746 வாட். நாள் முழுக்க உழைக்கும் சாதாரணக் குதிரை அந்த அளவைத் தருவது கடினம். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் போட்ட மதிப்பு 23,000க்கும் கீழே. குதிரைக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டதில் வாட்டுக்கு நட்டமில்லை. பத்துக் குதிரை என்று சொல்லி விற்ற எந்திரம் வாங்கியவரின் பத்துக் குதிரைகளை எளிதில் தோற்கடிக்குமே! 1882இல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்ததைத் தொடர்ந்து திறனின் அலகுக்கு வாட்டின் பெயரே நிலைத்தது.

ஐரோப்பியர் குதிரையை மீட்டர்முறைக்கு மாற்றியபோது கணக்கை இன்னும் நேராக்கினார்கள்: 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு குதிரை. நம் ஊர் பைக் விளம்பரங்களில் 'பிஎஸ்' என்று போடுகிறார்களே, அது இதுதான், 735.5 வாட். அடுத்த முறை அந்த விளம்பரத்தைப் பார்க்கும்போது, ஒரு ஆளை விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் செங்குத்தாகத் தூக்கும் எந்திரம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் மாடுகளுக்கு வருவோம். கொங்கு நாட்டில் கவலை என்றும் தெற்கே கமலை என்றும் சொல்லும் நீரிறைப்பு முறை டீசல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் வரும்வரை தோட்டங்களை நனைத்தது. கிணற்று மேட்டில் உருளை, அதன்மேல் ஓடும் வடம், வடத்தின் நுனியில் சால், சாலின் அடியில் தோலால் ஆன தும்பி. மாடுகள் கிணற்றிலிருந்து விலகி நடக்க நடக்கச் சால் மேலே வரும். வாய்க்கால் மட்டத்துக்கு வந்ததும் வால்கயிறு தும்பியை இழுத்துப் பிடிக்க, தண்ணீர் தானே கொட்டிவிடும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து பழைய இடத்துக்கு வரும். கவலை என்று அதற்கு யார் பெயர் வைத்தார்களோ, என் அப்புச்சி அந்தப் பெயரில் சிலேடை பேசாத நாளில்லை.

சின்ன வயதில் எனக்கு விளங்காதது ஒன்றுதான். மாடுகள் நடக்கும் தடம் ஏன் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது? 'இழுக்கச் சுலுவாக இருக்கும்' என்பார் அப்புச்சி. எவ்வளவு சுலுவு என்று இப்போது கணக்குப் போடலாம். சாலில் நூறு லிட்டர், ஆழம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு ஆக வேண்டிய வேலை 9,800 ஜூல். மாடு இரண்டும் சேர்ந்து 700 கிலோ. பத்து மீட்டர் நடப்பதற்குள் தடம் ஒன்றரை மீட்டர் இறங்குகிறது என்று கொண்டால், மாடுகளின் எடை மட்டும் கீழே வரும்போது தருவது 700 × 9.8 × 1.5 = 10,290 ஜூல். அதாவது உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், சாலைத் தூக்கியது மாட்டின் தசைகூட அல்ல, அதன் உடம்பின் எடை! கிணற்றிலிருந்த தண்ணீரை மேலே கொண்டுவந்ததும் புவியீர்ப்புதான்.

இனாமாக எதுவும் நடந்துவிடவில்லை. அந்த 10,290 ஜூலை மாடுகள் பின்னோக்கி மேடேறும்போது செலுத்திவிடுகின்றன. ஆனால் அப்போது சால் காலி. சுமை இழுக்கும் அரை நிமிடத்தில் ஒரேயடியாகக் கொட்ட வேண்டிய உழைப்பைத் திரும்பி வரும் நேரத்துக்கும் பிரித்துப் போட்டாயிற்று. வேலையின் அளவு ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. உச்சத் திறன் குறைந்தது. நேரத்தைக் கொடுத்துத் திறனை மிச்சம் பிடிக்கும் எந்திரம் அந்தச் சரிவு. ஏற்றத்தில் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்த ஆள் செய்ததும் இதைத்தான். சாலை எண்ணிப் பாடிய ஏற்றப்பாட்டை என் பங்குக்குத் திறன்மானி என்றே சொல்வேன். எத்தனை சால், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் அந்தப் பாட்டுக்குள் இருந்தன.

அடுக்குமாடி லிஃப்டிலும் கவலை மாடு ஒளிந்திருக்கிறது. எட்டுப் பேர் லிஃப்டின் அறிவிப்புப் பலகையில் 544 கிலோ என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ. கூண்டின் எடை 600 கிலோ என்று கொள்வோம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மொத்தத்தையும் தூக்க 1,144 × 9.8 வாட் வேண்டும், பதினைந்து ஹெச்பி. ஆனால் கயிற்றின் மறுமுனையில் இரும்புப் பாளங்களை அடுக்கிய எதிர் எடை தொங்குகிறது. கூண்டின் எடையோடு பாதிச் சுமையையும் சேர்த்து அதை அமைப்பது வழக்கம். நிறை லிஃப்ட் மேலே போகும்போது மோட்டார் தூக்குவது மீதி 272 கிலோவை மட்டும்: 2,666 வாட், மூன்றரை ஹெச்பிக்குச் சற்று மேல். ஆளில்லாத லிஃப்ட் கீழே இறங்கும்போதுதான் வேடிக்கை. அப்போது எதிர் எடை கனமான பக்கம். மோட்டார் கூண்டைக் கீழே இறக்கப் பாடுபடுகிறது.

தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு எவ்வளவு திறன்? இயற்பியலைக் கேட்டால் பூஜ்யம். மின்சாரம் நின்றாலும் லிஃப்ட் பிரேக்கில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒரு வாட் செலவில்லாமல். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 115 கிலோவைத் தூக்கி வெள்ளி வென்றார். தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்துக்கு அதை இழுக்க ஒரு விநாடி என்று கொண்டால் 845 வாட். ஐம்பது கிலோவுக்கும் குறைந்த உடம்பிலிருந்து ஒரு குதிரைக்கு மேல்! பிறகு தலைக்கு மேல் அசையாமல் பிடித்து நின்றாரே, அந்த நேரத்தில் பாரத்தின் மேல் செய்த வேலை பூஜ்யம். அவரிடம் போய் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. தசை, பிரேக்கைப் போலப் பூட்டிக்கொள்ளாது; நார்கள் ஓயாமல் சுருங்கிச் சுருங்கித்தான் பிடியை வைத்திருக்கின்றன. அந்தச் செலவெல்லாம் சூடாகப் போகிறது.

சூடாகப் போவது என்றதும் என் மோட்டார் நினைவுக்கு வருகிறது. புது ஒரு ஹெச்பி மோட்டார் பொருத்திய முதல் நாள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். காலித் தொட்டி நிரம்பப் பதினாறு நிமிடம். 1,17,600ஐ 960 விநாடியால் வகுத்தேன். 122 வாட். பெட்டியில் போட்டிருப்பது 746. மீதி 600 வாட்டும் எங்கே?

ஒரு பங்கு பம்புக்குள்ளேயே போகிறது. இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் நழுவிச் சுழன்று தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. சின்ன வீட்டு பம்புகளில் இது பெரிய ஓட்டை. இன்னொரு பங்கு குழாயில். எங்கள் வீட்டில் ஓர் அங்குலக் குழாய், ஏழெட்டு எல்போ. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே நீரோட்டத்துக்கு உராய்வு சுமார் முப்பது மடங்கு ஏறிவிடும். குழாயை மாற்றாமல் நீரோட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு நான்கு மடங்கு. புவியீர்ப்பு அவசரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை என்றேன்; குழாய் வாங்குகிறது.

பிளம்பர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. மையவிலக்கு பம்பு தண்ணீரைச் சுழற்றி எறிகிறது. எறியும் வேகம்தான் உயரத்தைத் தீர்மானிக்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் ஒரு கல்லை மேலே எறிந்தால் பதினாறு பதினேழு மீட்டர் ஏறும். தண்ணீரும் ஏறத்தாழ அவ்வளவுதான். இம்பெல்லர் சிறுத்த பம்பில் தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும். எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஒரு சொட்டு மேலே வராது. அது 'ஏறாது' வகை. அதனால்தான் பம்பின் தகட்டில் ஹெச்பியோடு 'ஹெட்' எத்தனை மீட்டர் என்றும் அடித்திருப்பார்கள். கடைக்காரர்கள் முதல் எண்ணைத்தான் பேசுவார்கள். நாம் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

உறிஞ்சுவதிலும் அப்படி ஓர் எல்லை உண்டு. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம் 10.3 மீட்டர். ஆயிரம் குதிரை கட்டினாலும் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டாரை உள்ளே பாதி ஆழத்தில் திட்டு கட்டி வைத்திருப்பதன் காரணம் இதுதான். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் பின்னாலேயே இறங்கியது. கடைசியில் சப்மர்சிபிள் வந்து தண்ணீருக்குள்ளேயே குதித்துவிட்டது.

அந்த இறக்கத்தின் விலையைப் பார்ப்போம். முப்பது அடிக் கிணற்றிலிருந்து விநாடிக்கு ஒரு லிட்டர் ஏற்ற 90 வாட் போதும். ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட போர்வெல்லிலிருந்து அதே ஒரு லிட்டரை ஏற்ற ஏறத்தாழ 3,000 வாட்; நான்கு ஹெச்பி. பம்பும் மோட்டாரும் குழாயும் தின்பது போக அதற்கு எட்டு, ஒன்பது ஹெச்பி மோட்டார் இறக்க வேண்டியிருக்கும். விவசாயிக்கு இன்னொரு நெருக்கடி, மும்முனை மின்சாரம் எல்லா இடத்திலும் நாள் முழுக்கக் கிடைப்பதில்லை. கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் வயலை நனைத்தாக வேண்டும் என்றால் வகுக்கும் எண் சுருங்குகிறது, ஹெச்பி ஏறுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் பெருத்ததில் தண்ணீரின் ஆழத்துக்கு ஒரு பங்கு என்றால் கடிகாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இதையே தலைகீழாகச் செய்கிற இடம் ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறை மின்நிலையத்தில் நான்கு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அவை கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மலைமேல் ஏற்றும். தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீர் இறங்கி அதே எந்திரங்களைத் திருப்பிச் சுற்றும். ஒரு யூனிட்டால் 367 டன்னை ஒரு மீட்டர் தூக்கலாம் என்பதை நினைவில் வைத்தால், ஒரு நகரத்துக்கு ஒரு மணி நேரம் விளக்கெரிக்க எவ்வளவு தண்ணீரை மலையேற்ற வேண்டும் என்பது பிடிபடும்.

ஒரு ஹெச்பி மோட்டாரும் இரண்டு கோடையில் காயில் எரிந்து கைவிட்டது. இந்த முறை நான் தகட்டில் ஹெட்டைப் பார்த்து அரை ஹெச்பி வாங்கினேன். மேலே போகும் குழாயையும் ஒன்றேகால் அங்குலமாக மாற்றச் சொன்னேன். பிளம்பர் நம்பிக்கையில்லாமல்தான் பொருத்தினார். சுவிட்சைப் போட்டுவிட்டு இருவரும் மாடியில் காத்திருந்தோம். குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஒழுங்காக விழத் தொடங்கியது.

"ஏறிருச்சுங்களே" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. மீட்டரில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. தொட்டிக்குக் கால் யூனிட் போனது ஐந்தில் ஒரு யூனிட் ஆனது. வேறொரு செலவு சேர்ந்துகொண்டது. பதினாறு நிமிடம் என்றால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருப்பேன். இருபத்தைந்து நிமிடம் என்றதும் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். "ஏங்க, தொட்டி வழியுதுங்க!" என்று வீட்டில் சத்தம் வரும்போது, லிட்டருக்கு 118 ஜூல் வீதம், ஏற்றியதெல்லாம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தடதடவென்று முற்றத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.